சாக்கியரும் புத்தரும்: ஓர் அம்மோனைட்டின் பெயர் வரலாறு

1846ஆம் ஆண்டில் இலண்டன் நிலவியல் கழகம் வெளியிட்ட ஆய்வுத் தொகுதி ஒன்றில், தென்னிந்திய மண்ணிலிருந்து கப்பலேறிச் சென்ற கற்சுருள்கள் பலவற்றுக்குப் பெயர்கள் சூட்டப்பெற்றன. இந்திரன், வருணன், சூரியன், சோமன், கருடன், கணேசன், துர்க்கை, பிரமன், திருமால், சிவன், மனு எனத் தொடரும் அப்பெயர் வரிசையை அறியாதார் ஒருவர் காணின், அதனை ஒரு புராணத்தின் பொருளடக்கம் என்றே கொள்வர். எல்லாப் பெயர்களுக்கும் முன்னால் ‘அம்மோனைட்டிஸ்’ என்ற சொல் நின்றது. ‘அம்மோனைட்டிஸ் இந்திரா’, ‘அம்மோனைட்டிஸ் சிவா’ என்று இலத்தீன் மரபில் அவை எழுதப்பட்டன. பெயரிட்டவர் எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் பிரித்தானிய அறிஞர். இந்தியாவைக் கண்ணால் காணாதவர்.

அவ்வரிசையில் ‘புத்தா’ என்று ஒன்றும் ‘சாக்யா’ என்று மற்றொன்றும் உண்டு. இரண்டும் வெவ்வேறு சிற்றினங்கள் என்பது ஃபோர்ப்சின் முடிபு. பின்வந்த ஆய்வாளர்களோ அவ்விரண்டு ஓடுகளும் ஒரே சிற்றினத்தைச் சேர்ந்தவை எனக் கண்டு, அவற்றை ஒரு பெயரின்கீழ் அடக்கினர். சாக்கியர் குடியில் தோன்றிய புத்தருக்குரிய இரண்டு பெயர்களும் வேறு வேறு உயிர்களுக்குச் சென்று, பின்னர் ஒன்றாய்க் கூடின. இது தற்செயலே, ஆயினும் பெயரும் பொருளும் பற்றி எண்ணுவார்க்கு இனிய தற்செயல். உடைந்த ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஓர் உயிரை ‘இன்னது’ என்று அறுதியிடுவது எவ்வாறு? அறுதியிட்டது பிழையானால் எது கெடும்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தென்னிந்திய அம்மோனைட்டுகளின் வரலாற்றிலேயே கிடைக்கின்றது.

அம்மோனைட்டு நத்தையன்று. சுருண்ட ஓட்டைப் பார்த்த அளவில் நத்தை என எண்ணத் தோன்றும். ஆனால் கணவாய், சாக்குக் கணவாய் ஆகியவற்றின் உறவுடையது அது. இன்றும் கடலில் வாழும் நாட்டிலசு என்னும் உயிரியின் ஓட்டைக் குறுக்கே அறுத்தால் உள்ளே அறை அறையாய்த் தடுப்புகள் இருத்தலைக் காணலாம். அம்மோனைட்டின் ஓடும் அத்தகையது. உயிர் வளருந்தோறும் ஓட்டின் வாய்ப்புறம் நீளும். உயிர் முன்னே நகர்ந்து தன் பின்னால் ஒரு சுவர் எழுப்பும். பின்னர் மீண்டும் நகரும். கடைசி அறையே அதன் வீடு. முன்னைய அறைகள் காற்றடைந்து உடலைத் தாங்கும் மிதவைகள் ஆகும். ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றிய இவ்வுயிர்க் குழு, 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் கிரிட்டேசியஸ் காலத்தின் முடிவில், பறவையல்லாத தைனசோர்கள் அழிந்த அதே பேரழிவை ஒட்டி மறைந்தது.

உரோம அறிஞர் பிளினி, எத்தியோப்பியாவின் புனிதக் கற்களுள் ஒன்றாக, ஆட்டுக்கடாவின் கொம்பு வடிவில் பொன்னிறமாய் விளங்கும் ஒரு கல்லைக் குறித்து எழுதியுள்ளார். அம்மோன் என்னும் எகிப்தியத் தெய்வத்தின் கொம்பு என அதற்குப் பெயர். அம்மோனைட்டு என்ற சொல்லின் வேர் அதுவே. நம் நாட்டில் அதே உயிரின் கல்லுருக்களைத் தெய்வமாகவே போற்றினர். நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் கரிய சாளக்கிராமக் கற்களுள் காணும் சக்கர வரிகள் பெரும்பாலும் அம்மோனைட்டு ஓட்டின் பதிவுகளே. திருமங்கையாழ்வார் தம் பெரிய திருமொழியில் சாளக்கிராமத் திருப்பதிக்கென்று ஒரு திருமொழி அருளியுள்ளார் என்பது இங்கு நினைக்கத்தகும். சக்கரங்களின் எண்ணிக்கை, துளையின் அமைப்பு, கல்லின் நிறம், அளவு ஆகியவற்றைக் கொண்டு கேசவன், நாராயணன், தாமோதரன் என அக்கற்களைப் பகுத்துப் பெயரிடும் மரபும் உண்டு. ஓட்டின் வடிவை உற்று நோக்கி, வேறுபாடு கண்டு, வேறுபாட்டுக்கு ஒரு தெய்வத்தின் பெயரை அளித்த அம்மரபு ஃபோர்ப்சுக்குப் பன்னூறாண்டு முந்தியது. நோக்கம் வேறு, நோக்கிய கண் ஒன்றே.

தமிழ் மரபில் தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுத்து, நத்தையையும் சங்கையும் குறிக்கும் நந்து என்பதனை ஈரறிவுடையவற்றுள் வைக்கின்றது. அது வாழும் உயிர்களுக்கான பகுப்பு. மண்ணுள் கல்லாய்க் கிடந்தவற்றை அதன் வழியில் எவரும் பகுக்க முற்பட்டதில்லை.

கல்லாய்க் கிடந்தவை முதலில் ஆய்வுலகின் பார்வைக்கு வந்தது 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில். சென்னை சிவில் சர்வீசைச் சேர்ந்த கேய் என்பாரும் கன்லிஃப் என்பாரும் புதுச்சேரியை அடுத்த பகுதியிலும் விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளிலும் திரட்டிய தொல்லுயிர்ப் படிவங்களை இலண்டனுக்கு அனுப்பினர். மீன்களின் எச்சங்கள் பிலிப் எகர்ட்டன் என்பாரிடம் சென்றன. முதுகெலும்பற்றவை முழுமையும் ஃபோர்ப்சிடம் வந்து சேர்ந்தன. அவர் 1815இல் பிறந்தவர். ஏஜியன் கடலில் கப்பலில் சென்று கடலடி உயிர்களை ஆராய்ந்து திரும்பி, 1842இல் நிலவியல் கழகத்தின் அருங்காட்சியகப் பொறுப்பை ஏற்றவர். 1854இல், நாற்பது வயது நிரம்புவதற்கு முன்பே மறைந்தவர். வாழும் சிப்பிகளையும் இறந்த சிப்பிகளையும் ஒரே கண்ணால் நோக்கப் பயின்றவர் அவர். அப்பயிற்சி அவருடைய 1846ஆம் ஆண்டு அறிக்கையில் தெரிகின்றது.

பெட்டியைத் திறந்தவுடன் பெயர் தோன்றிவிடுவதில்லை. முதலில் சுருளின் இறுக்கம் நோக்கப்படும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றை முழுவதும் மூடிக்கொண்டு வளர்கின்றதா, அன்றிச் சுருட்டி வைத்த கயிற்றைப் போல எல்லாச் சுற்றுகளும் வெளியே தெரிய வளர்கின்றதா என்பது முதல் வேறுபாடு. நடுவிலுள்ள குழி கொப்பூழ் எனப்படும். ஓட்டின் மொத்த விட்டத்தில் கொப்பூழ் எத்தனை பங்கு என்பது அளந்து எழுதப்படும். அடுத்து, சுற்றைக் குறுக்கே வெட்டினால் தோன்றும் முகம் வட்டமா, நீள்வட்டமா, முக்கோணமா என்பது. பின்னர் அணிகள்: விலா எலும்புபோல் எழுந்த வரிகள், கணுக்கள், முதுகின் நடுவே ஓடும் வரம்பு, இடையிடையே கயிறு கட்டி இறுக்கினாற்போன்ற சுருக்கங்கள். இவை கண்ணுக்கு எளிதில் தெரிபவை. ஆகவே எளிதில் ஏமாற்றவும் வல்லவை.

ஏமாற்றாதது தையற்கோடு. உள்ளே எழுந்த ஒவ்வொரு சுவரும் வெளிச்சுவரோடு பொருந்தும் விளிம்பில் ஒரு கோடு அமைகின்றது. மேல் ஓடு உரிந்துபோய் உள்ளே நிறைந்த கல் மட்டும் எஞ்சிய நிலையில், அக்கோடு கல்லின் மேல் வரைந்தாற்போல் விளங்கும். பழைய அம்மோனைட்டுக் குழுக்களில் அது எளிய வளைவு. கிரிட்டேசியஸ் காலத்தவற்றிலோ இலையின் ஓரம்போலவும் பாசியின் கிளைபோலவும் பிரிந்து பிரிந்து செல்லும். முன்னோக்கி எழும் வளைவு சேணம் எனவும் பின்னோக்கி இறங்குவது மடல் எனவும் வழங்கும். சேணம் இரண்டாகப் பிளந்ததா, மூன்றாகப் பிளந்ததா. அதன் நுனி இலைபோல் உருண்டதா, ஊசிபோல் கூர்ந்ததா. கொப்பூழை நெருங்கும்போது கோடு நேரே செல்கின்றதா, பின்வாங்கித் தொங்குகின்றதா? குடும்பம் எது, பேரினம் எது என்பதை இக்கோடு சொல்லும். சிற்றினம் எது என்பதைப் பெரும்பாலும் அணிகளும் அளவுகளுமே சொல்லும். சாக்யாவின் கோடு இரண்டாகப் பிளந்த சேணங்களையும் கொப்பூழை நோக்கிப் பின்வாங்கும் போக்கையும் உடையது. அதனைக் கொண்டே, வெளித்தோற்றத்தில் அதனை ஒத்த வேறு சுருள்களிலிருந்து அது பிரிக்கப்படுகின்றது.

இடர்ப்பாடு எங்கே தொடங்குகிறது எனின், ஓர் உயிர் தன் வாழ்நாளில் ஒரே வடிவில் இருப்பதில்லை என்னுமிடத்தில். சாக்யா இனத்தின் இளம் ஓடு பல சுற்றுகள் உடையது, மெல்ல வளர்வது, கொப்பூழ் அகன்றது, தொலைவிலிருந்து பார்த்தால் வழவழப்பானது. கண்ணருகே வைத்தால் மயிரிழை போன்ற நுண்வரிகள் நெளிந்து செல்லுதல் தெரியும். வளர்ந்த ஓட்டின் வெளிச்சுற்றிலோ அகன்ற மடிப்புகள் போன்ற வரிகள் தோன்றிவிடும். சுற்றின் குறுக்கு முகமும் வளர்ச்சியோடு மாறும். இனி, நுண்வரிகள் ஓட்டின் மேற்பரப்பில் உள்ளவை. ஓடு உரிந்த உள்ளச்சில் அவை இல்லை. ஆகவே ஒரே இனத்தின் இளம் ஓடு ஒன்று, முதிர்ந்த ஓடு ஒன்று, உரிந்த கல் ஒன்று ஆகிய மூன்றையும் ஒருவர் தனித்தனியே மேசைமேல் வைத்துப் பார்த்தால் மூன்று இனங்கள் என்றே எழுதுவார். ஃபோர்ப்சின் முன் இருந்தவை சில படிகளே. பல படிகளைத் திரட்டி, இளமை முதல் முதுமை வரை வரிசைப்படுத்திக் காணும் வாய்ப்புப் பின்வந்தோர்க்குத்தான் அமைந்தது.

ஏட்டுச் சுவடிகளிலிருந்து பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த வரலாற்றை அறிந்தோர்க்கு இது புதிதன்று. முதலும் ஈறும் சிதைந்த ஓர் ஏட்டை மட்டும் கொண்டவர் அதனைத் தனி நூல் எனக் கருதுதலும், மற்றோர் ஏடு கிடைத்தபின் அது முன்னரே அறிந்த நூலின் பகுதி என்று தெளிதலும் பதிப்பு வரலாற்றில் நிகழக்கூடியவையே. அம்மோனைட்டு ஆய்வாளர் ஒவ்வோர் இனத்தின் தலைப்பிலும், முன்னைய அறிஞர் அதனை எந்த ஆண்டில், எந்தப் பக்கத்தில், எந்தப் படத்தோடு, எந்தப் பெயரால் குறித்தனர் என்று ஒரு நிரலை எழுதுவர். பாடவேறுபாட்டுப் பட்டியலை ஒத்த அந்நிரல்தான் ஆய்வுக் கட்டுரையின் உயிர்நிலை. படிப்போர் பலர் அதைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். உண்மையில் வாதம் அங்கேதான் நடைபெறுகின்றது.

வளர்ச்சியினும் பெரிய இடர் ஒன்று 1962, 1963ஆம் ஆண்டுகளில் வெளிப்பட்டது. போலந்து நாட்டு மக்கோவ்ஸ்கியும் பிரித்தானிய அறிஞர் கல்லமனும் தனித்தனியே ஆராய்ந்து, ஒரே அடுக்கில் இணைந்தே கிடைக்கும் பெரிய ஓடும் சிறிய ஓடும் பல இடங்களில் ஒரே இனத்தின் இருபால் வடிவங்கள் என நிறுவினர். உட்சுற்றுகள் இரண்டிலும் ஒத்திருக்கும். முதிர்ந்த நிலையில்தான் பிரியும். பெரியது பெண், சிறியது ஆண் என்பது பலரும் கொள்ளும் கருத்து. அதுவரை கணவனுக்கு ஒரு பெயரும் மனைவிக்கு மற்றொரு பெயரும் அளித்து, வேறு வேறு பேரினங்களில் குடியமர்த்தியிருந்தனர்! வேறுபாடு கண்ட இடமெல்லாம் புதுப்பெயர் சூட்டிய பக்மன் போன்றாரின் நூல்கள், இக்கண்டுபிடிப்புக்குப் பின் புதுக்கண்ணோடு படிக்கப்பட வேண்டியவை ஆயின. பிரிப்போர், சேர்ப்போர் என ஆய்வாளருள் இரு சாரார் எக்காலத்தும் உண்டு. பிரிப்போரைக் குறைகூறுதல் எளிது. ஆயினும் நுணுகிப் பிரித்துப் படம் வரைந்து வைத்தவர் இல்லையேல், சேர்ப்போர்க்குச் சேர்ப்பதற்கு ஒன்றும் இராது.

புத்தாவும் சாக்யாவும் ஒன்றெனத் தெளிந்தபின் எந்தப் பெயரை வைத்துக்கொள்வது? விலங்கியற் பெயரிடல் நெறிப்படி முந்திய பெயரே நிலைபெறும். ஆனால் இவ்விரண்டும் ஒரே அறிக்கையில் ஒருங்கே வெளிவந்தவை. எனவே முந்தியது எது என்னும் வினாவுக்கு இடமில்லை. இத்தகைய நிலைக்கென நெறிநூலில் தனி விதி உண்டு. இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கி ஒன்றை முதலில் தேர்ந்தவர் எவரோ, அவர் தேர்வே பின்வருவோரைக் கட்டுப்படுத்தும். அவ்வகையில் நிலைத்தது சாக்யா. புத்தா என்ற பெயர் அழிக்கப்படவில்லை. நிரலில் ஒரு வரியாய், ஆண்டோடும் பக்கத்தோடும் இன்றும் நிற்கின்றது. ஒருமுறை அச்சேறிய பெயரை இத்துறை மறப்பதில்லை.

இங்குவரை கூறியது பெயர் பற்றிய வழக்கு. பெயர் பிழைத்தால் நிலத்தின் வயதே பிழைக்கும் என்பதனை ஃபோர்ப்சின் அதே அறிக்கை காட்டுகின்றது. புதுச்சேரியை அடுத்த வழுதாவூர், சேதராப்பட்டுப் பகுதியின் அடுக்குகளில் கிடைத்த ஓட்டுருக்களை ஆராய்ந்த அவர், அவ்வடுக்குகள் கிரிட்டேசியஸ் காலத்தின் தொடக்கப் பகுதியைச் சேர்ந்தவை எனவும், விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதி அடுக்குகளைவிடப் பழையவை எனவும் முடிவு செய்தார். அவர் அங்குக் கண்டவற்றுள் ஒன்று, இறுகச் சுருண்டு கொப்பூழ் ஏறக்குறைய மூடிய ஒரு சிறு ஓடு. அதனை அவர் புது இனமாகக் கொள்ளவில்லை. பிரெஞ்சு நாட்டின் தொன்மையான கிரிட்டேசியஸ் அடுக்குகளிலிருந்து அல்சீது தோர்பிஞி என்னும் அறிஞர் முன்னரே விவரித்திருந்த ‘அம்மோனைட்டிஸ் ரூயானஸ்’ என்னும் இனமாகவே அடையாளம் கண்டார். பிரான்சில் அவ்வினம் பழைய அடுக்கில் உள்ளது எனின், புதுச்சேரியிலும் அடுக்குப் பழையதாதல் வேண்டும். வாதத்தில் பிழை இல்லை, அடையாளத்தில்தான் பிழை.

தோர்பிஞி அப்பெயரின் உரிமையாளர். தாம் பெயரிட்ட இனம் அதுவன்று என்பதை அவர் உணர்ந்தார். புதுச்சேரி அடுக்குகள் கிரிட்டேசியஸின் மேற்பகுதியைச் சேர்ந்தவை என்பது அவர் கருத்து. 1850இல் வெளிவந்த தம் நூலில் புதுச்சேரி ஓட்டுக்கு அவர் புதுப்பெயர் சூட்டினார்: ‘ஃபோர்பெசியானஸ்’. பிழையாக அடையாளம் கண்டவரின் பெயரையே அவ்வோட்டுக்கு அளித்துத் திருத்தம் செய்த அப்பண்பாட்டை என்னவென்பது! கண்டனக் கட்டுரைகள் மலிந்த உரையாசிரியர் மரபிலும் இத்தகைய நயம் அரிதாகவே காணப்படுகிறது. ஃபோர்ப்ஸ் மிகப் பழையது என்று கருதிய அடுக்கு, உண்மையில் அம்மூன்றனுள் இளையது எனப் பின்னர் உறுதிப்பட்டது. அது கிரிட்டேசியஸின் இறுதிக் கட்டமான மாஸ்டிரிக்டியன் காலத்தது. அம்மோனைட்டுகள் மறைவதற்குச் சற்று முன்னையது. இரு முடிபுகளுக்கும் இடையே ஐந்து கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி. ஒரு சிறு ஓட்டின் பெயர் தாங்கும் சுமை அவ்வளவு.

நிலத்தை நடந்து அளந்து அடுக்குகளின் வரிசையை நிறுவியவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. பின்னாளில் 1875இல் இந்திய வானிலைத் துறை தொடங்கப்பெற்றபோது அதன் தலைமையை ஏற்றவரும் இவரே. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் சார்பில் தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களை ஆராய்ந்து 1862இல் வெளியிட்ட நூலில், அடுக்குகளைக் கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக அவர் வகுத்தார். இலண்டன் மேசையில் இருந்து நோக்கிய ஃபோர்ப்சுக்குக் கிட்டாத ஒன்று இவருக்குக் கிட்டியது: எந்த ஓடு எந்த ஓட்டின் மேல் கிடந்தது என்னும் செய்தி. ஊரின் பெயர் மட்டும் ஒட்டிய கல்லுக்கும், அடுக்கின் பெயரும் ஒட்டிய கல்லுக்கும் உள்ள வேறுபாடு, ஊர்பேர் தெரியாத தனிப்பாடலுக்கும் திணை, துறைக் குறிப்போடு கிடைத்த புறப்பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒத்தது.

அவ்வாறு திரண்ட படிவங்கள் கல்கத்தாவில் ஃபெர்டினாண்டு ஸ்டொலிச்காவின் கைக்கு வந்தன. 1838இல் மொராவியாவில் பிறந்து, 1862இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்த இளைஞர் அவர். தென்னிந்தியக் கிரிட்டேசியஸ் அம்மோனைட்டுகள் பற்றிய அவருடைய நூல் 1865ஐ ஒட்டி நிறைவெய்தியது. அதனைத் தொடர்ந்து நத்தைகள், இருவாய்ச் சிப்பிகள், பிறவுயிர்கள் எனத் தென்னாட்டுக் கிரிட்டேசியஸ் உயிர்கள் அனைத்தையும் 1873க்குள் விவரித்து முடித்தார். ஓர் ஆண்டு கழித்து, யார்க்கண்டுப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், காரக்கோரம் மலையின் உயரம் தாங்காது முப்பத்தாறாம் வயதில் உயிர் துறந்தார். லே நகரில் அவர் கல்லறை உள்ளது. சாக்யாவை அவர் தம் நூலில் விரிவாக விவரித்துப் பல படங்கள் தந்தார். இலண்டனுக்குச் சென்ற சில ஓடுகளுக்குப் பின், அவ்வினத்தின் வடிவ வேறுபாடுகளை உலகம் அறிந்தது அப்படங்களின் வாயிலாகவே.

இதற்கிடையே ‘அம்மோனைட்டிஸ்’ என்ற ஒரே பேரினப் பெயர் தாங்க இயலாத பாரமாயிற்று. சுருண்டது எல்லாம் அதற்குள் அடங்கியிருந்த காலம் மாறி, 1865இல் வியன்னாவின் எடுவர்டு சூஸ், தையற்கோட்டையும் பிற உறுப்புகளையும் கருதி அதனைப் பிரிக்கத் தொடங்கினார். சாக்யா முதலில் லைட்டோசிராஸ் என்னும் பேரினத்துக்குச் சென்றது. 1894இல் பிரெஞ்சு அறிஞர் த குரோசூவர், கோட்ரி என்பாரைப் போற்றும் வகையில் கோட்ரிசிராஸ் என்னும் பேரினத்தை வகுத்தார். 1895 முதல் 1898 வரை தென்னிந்தியக் கிரிட்டேசியஸ் பற்றிய பேராய்வை வெளியிட்ட வியன்னா அறிஞர் பிரான்சு கோஸ்மாட், சாக்யாவை அதனுள் வைத்தார். 1934இல் ஜப்பானிய அறிஞர் ஷிமிசு, சாக்யாவையே மூல இனமாகக் கொண்டு அனகோட்ரிசிராஸ் என்னும் புதுப் பேரினத்தை அமைத்தார். இன்று அதன் பெயர் ‘அனகோட்ரிசிராஸ் சாக்யா’. அதனை அடுத்து ஃபோர்ப்சின் பெயர் பிறைக்குறிக்குள் எழுதப்படும். பிறைக்குறி ஓர் அணியன்று. பெயரிட்டவர் வைத்த பேரினத்தில் இவ்வினம் இப்பொழுது இல்லை என்பதன் அடையாளம். முதற்பெயர் மாறிக்கொண்டே செல்ல, இரண்டாம் பெயர் மட்டும் மாறாது உடன்செல்கிறது. மகளிர் மணம் புகுந்த வீட்டுக்கு ஏற்பத் தலைப்பெழுத்தை மாற்றிக்கொள்ளும் வழக்கத்தை இது நினைவூட்டுகிறது என்று சொன்னால் பிழையாகாது.

இப்பெயர்ச்சிகளில் புராணம் தலைகீழாவதும் உண்டு. கோஸ்மாட் 1897இல் பிரமனின் பெயரால் பிரமாயிட்டிஸ் என்னும் பேரினத்தை வகுத்தார். ஃபோர்ப்சின் ‘விஷ்ணு’ அதனுள் அடங்கியது. உந்தியில் பிரமனைத் தாங்கியவர் திருமால் என்பது நம்மவர் வழக்கு. இங்கோ பிரமனுள் திருமால். ‘சிவா’ என்ற ஓடு மெல்லிய வட்டத் தட்டாய், விளிம்பு கூர்ந்து, அசல் சக்கராயுதம்போல் இருப்பது. அதன் பேரினமாகிய ஸ்ஃபீனோடிஸ்கஸ் என்பதற்கும் ஆப்பு வடிவ வட்டு என்பதே பொருள். சக்கரம் சிவனுக்குச் சென்றுவிட்டது. இவை வடிவைக் கண்டு அமைந்த காரணப் பெயர்கள் அல்ல, இடுகுறிப் பெயர்களே என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஃபோர்ப்சின் வரிசையில் தெய்வங்கள் மலிந்தன. ஓடு கிடந்த ஊர்கள் அருகின. ஸ்டொலிச்கா அக்குறையை ஓரளவு போக்கினார். அவர் பெயரிட்டவற்றுள் ‘அரியலூரென்சிஸ்’ அரியலூரையும், ‘ஒட்டக்கோடென்சிஸ்’ அரியலூரை அடுத்த ஒட்டக்கோவிலையும் சுட்டுவன. பின்னாளில் 1956இல் ரைட் என்பார் ஊட்டத்தூரின் பெயரால் ஊட்டத்தூரிசிராஸ் என ஒரு பேரினம் வகுத்தார். அதன் மூல இனமும் ஸ்டொலிச்கா விவரித்ததே. தேவார வைப்புத் தலங்களுள் ஒன்றான ஊட்டத்தூர், கடல்வாழ் உயிரின் குலப்பெயராகவும் ஆனது. ஆய்வாளர்களுக்கும் பெயர்கள் கிட்டின: ஃபோர்பெசிசிராஸ், ஸ்டொலிச்கையா, கோஸ்மாட்டிசிராஸ். முதலில் திரட்டி அனுப்பிய கேயின் பெயரும் கன்லிஃபின் பெயரும் ஃபோர்ப்சாலேயே இரு சிற்றினங்களுக்கு இடப்பட்டன. வெயிலில் அலைந்து வரப்பிலும் ஓடையிலும் கல் பொறுக்கித் தந்த உள்ளூர் மக்களின் பெயர் ஒன்றும் அவ்வரிசையில் இல்லை.

ஒவ்வொரு சிற்றினப் பெயரும் ஒரு குறிப்பிட்ட கல்லோடு கட்டப்பட்டது. விவரிப்பு எத்துணைச் சிறந்ததாயினும், ஐயம் எழுந்தால் தீர்ப்பளிப்பது பெயரைத் தாங்கிய அம்மூலப்படியே. ஃபோர்ப்ஸ் கண்ட ஓடுகள் இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. ஸ்டொலிச்கா விவரித்தவை கொல்கத்தாவில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ளன. 1992இல் கென்னடியும் ஹெண்டர்சனும் புதுச்சேரி அம்மோனைட்டுகளை மீண்டும் முழுமையாக ஆராய்ந்து வெளியிட்டபோது, ஃபோர்ப்ஸ் பெயரிட்ட பழைய ஓடுகளையே அடிப்படையாகக் கொண்டனர். இந்திராவும் பிரம்மாவும் சிவாவும் அவ்வாய்வில் மீண்டும் அளக்கப்பெற்றன. அவ்வடுக்கு மாஸ்டிரிக்டியனின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்னும் முடிபும் அதில் தெளிவுபெற்றது. இன்று பிரமாயிட்டிஸ் பிரம்மா பிரான்சு, ஸ்பெயின் நாடுகளின் பிஸ்கே வளைகுடாக் கரையிலும் இனங்காணப்படுகின்றது. அங்கு அது கிடைத்த அடுக்கையும் புதுச்சேரி அடுக்கையும் காலத்தால் இணைத்துக் காண முடிகிறது. 1846இல் பிரெஞ்சு ஓட்டின் பெயரைப் புதுச்சேரி ஓட்டுக்கு இட்டுப் பிழை நேர்ந்தது. இன்று புதுச்சேரி ஓட்டின் பெயர் பிரெஞ்சுக் கரையின் காலத்தைச் சொல்ல உதவுகின்றது.

அரியலூர்ப் பகுதியின் சுண்ணாம்புக் கற்கள் பல்லாண்டுகளாகச் சிமென்டுக்காக வெட்டப்படுகின்றன. வெட்டுவதால் புது முகங்கள் திறந்து படிவங்கள் வெளிப்படுவதும், வெளிப்பட்டவை அரைபட்டுப் போவதும் ஒருங்கே நிகழ்கின்றன. அரியலூரை அடுத்த வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் ஒன்று அமைந்துள்ளது. எந்தக் குழியில், எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில் என்னும் குறிப்பு இல்லாத ஓடு, காட்சிப்பேழைக்கு அழகே தவிர வகைப்பாட்டுக்கு உதவாது என்பதனைப் பிளான்ஃபோர்டின் வரலாறு முன்னரே காட்டியுள்ளது.

சாக்யாவோ உலகெங்கும் சென்றுவிட்டது. ஜப்பானின் ஹொக்கைடோ, மடகாஸ்கர், தென்னாப்பிரிக்காவின் சூலுலாந்து, வட அமெரிக்காவின் பசிபிக் கரை ஆகிய இடங்களில் அவ்வினம் இனங்காணப்பட்டுள்ளது. ஒவ்வோரிடத்தும் புது ஓடு ஒன்று கிடைக்குந்தோறும் ஆய்வாளர் கொப்பூழின் அகலத்தை அளக்கின்றனர். வெளிச்சுற்றின் மடிப்புவரிகளை எண்ணுகின்றனர். தையற்கோட்டைப் பெரிதாக்கி வரைகின்றனர். பின்னர் நிரலை எழுதத் தொடங்குகின்றனர். அந்நிரலின் தொடக்கத்தில், 1846 என்னும் ஆண்டுக்கு நேரே, சாக்யாவும் அதன் மறுபெயராகிய புத்தாவும் அடுத்தடுத்து எழுதப்படுகின்றன.